நீங்க போடுறதையே குடுங்க

மார்ச் 2, திங்கள்

சருமத்துக்கென்று தனியாக ஒரு நாட்குறிப்பு வையுங்கள் என்று சொன்னவள் சியோலில் இருக்கிறாள். யூடியூபில்தான் பழக்கம். என்ன பூசினோம், தோல் அதற்கு என்ன சொன்னது என்று தினம் இரண்டு வரி எழுதினால் போதுமாம். மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஒன்று கடையில் சும்மா கிடந்தது. முதல் பக்கத்திலேயே பெயர், வயது, தொழில், ரத்த வகை எல்லாம் கேட்டிருக்கிறான். செண்பகவல்லி, நாற்பத்து நான்கு, கோவில்பட்டியில் மெடிக்கல் ஷாப், ஓ பாசிட்டிவ். எழுதியாயிற்று. இரண்டு வரியில் நிறுத்தத்தான் எனக்கு வராது.

என் கடையில் மூன்றாம் தட்டு முழுக்க முகத்துக்கான க்ரீம்கள். முப்பத்தெட்டு வகை இருக்கிறது. இருபது வருஷமாக விற்கிறேன். விற்பதற்குப் பெரிதாகப் பேசவேண்டியதில்லை. வருகிற பெண்கள் தட்டைப் பார்ப்பதேயில்லை, என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். “அக்கா, நீங்க போடுறதையே குடுங்க” என்பார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும், அதை மறைப்பானேன்.

இனி அந்தத் தட்டிலிருந்து ஒன்றுகூட என் முகத்துக்கு ஏறாது. கொரியாவிலிருந்து ஐந்து உருப்படி ஆர்டர் போட்டுவிட்டேன். முகம் கழுவ ஒன்று, கழுவியபின் தட்டிக்கொள்ள டோனர் என்று தண்ணீர் மாதிரி ஒன்று, நத்தைச் சாறு ஒன்று, வெள்ளை ஜாடியில் ஒரு க்ரீம், வெயிலுக்கு ஒரு சன்ஸ்கிரீன்.

ஏப்ரல் 26 கோமதி வீட்டில் பால்காய்ப்பு. கோமதி என் கணவரின் தங்கை, சங்கரன்கோவிலில் வாக்கப்பட்டவள், ஏழு வருஷம் பாடுபட்டுச் சொந்த வீடு கட்டியிருக்கிறாள். சொந்தபந்தம் அத்தனையும் வரும். அன்றைக்கு என் முகம் பழையபடி இருக்க வேண்டும். பழையபடி என்று எழுதியது தவறு. முன்னைவிட நன்றாக.

மார்ச் 5, வியாழன்

பார்சல் வந்தது. பிரித்தவுடன் வழக்கம்போல் தேதியைத்தான் தேடினேன். போன செப்டம்பர் என்று அடித்திருந்தது. காலாவதியான சரக்கை என் தலையில் கட்டிவிட்டான் என்று கொதித்துப்போய், விற்றவனுக்கு நுகர்வோர் நீதிமன்றம் வரைக்கும் இழுத்து ஒரு கடிதம் அனுப்பினேன். அரைமணி நேரத்தில் பணிவாகப் பதில் வந்தது. மேடம், அது தயாரித்த தேதி, பக்கத்தில் உள்ள இரண்டு கொரிய எழுத்துக்கு அதுதான் அர்த்தம், இன்னும் இரண்டு வருஷம் தாங்கும் என்று. இருபது வருஷமாகத் தேதி பார்த்தே கடை நடத்துகிறவள் முதல் நாளே வழுக்கிவிட்டேன்.

நத்தைச் சாற்றை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. எங்களுடையது சைவ வீடு. முட்டை போட்ட கேக் வந்தால்கூட என் கணவர் வாசலோடு நிறுத்திவிடுவார். அதனால் நத்தை, கடை ஃப்ரிட்ஜில், இன்சுலினுக்குப் பக்கத்தில் குடியேறியிருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

கன்னம் கொஞ்சம் எரிகிறது. வெயில்.

மார்ச் 9, திங்கள்

கடைக்கு மாஸ்க் போட்டுப் போனேன். ரோடு போடுகிறார்கள், தூசி.

ரெபேக்கா என்னிடம் பதினான்கு வருஷமாக வேலை பார்க்கிறாள். வாய்க்குப் பூட்டு கிடையாது.

“என்னக்கா, கொரோனாதான் போயிட்டுல்லா, இன்னும் எதுக்கு மாஸ்க்கு?”

“தூசி.”

“ரோடு கீழ பஜார்லல்லா போடுதாங்க.”

பில் புத்தகத்தை எடுத்து வரச்சொல்லி அவளை உள்ளே அனுப்பினேன்.

மற்ற வேலைகள்: குழந்தைகளுக்கான இருமல் மருந்து தீர்ந்துவிட்டது, சொல்லிவிட வேண்டும். ஃபேன் ரிப்பேர். சங்கரன்கோவிலிலிருந்து தினம் வந்துபோகிற டீச்சரிடம் கோமதிக்கு மாதப் பை கொடுத்துவிட்டேன். கடலைமிட்டாய் ஒரு கிலோ, மாமனாருக்குச் சர்க்கரை மாத்திரை, பிள்ளைக்கு வைட்டமின் சிரப், டியூப் இரண்டு.

மார்ச் 14, சனி

உள்ளூர்க் க்ரீம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி வந்தான். புதுப் பெட்டி, புதுப் பெயர், உள்ளே பழைய சங்கதி. “மேடம், இது ஏழே நாள்ல ரிசல்ட்” என்றான்.

“ஏழு நாளில் ஜலதோஷம்தான் சரியாகும், தம்பி. தோல் ஒரு சுற்று மாறவே ஒரு மாதம் ஆகும். உன் பெட்டியில் என்ன இருக்கிறது என்று வாசி பார்ப்போம்” என்றேன். மூன்றாவது பெயரிலேயே தடுக்கி நின்றான். எட்டாவதாக வாசனைத் திரவியம் வந்தது. ரோஜாப்பூ மணம் எதற்கு முகத்துக்கு? முகம் என்ன ஊதுபத்தியா?

கொரியாச் சரக்கு மேல் என்று நான் சொன்னால் வெளிநாட்டு மோகம் என்று இவர் கேலி செய்கிறார். மோகமெல்லாம் இல்லை. நம் சன்ஸ்கிரீனைப் பூசினால் சுண்ணாம்பு அடித்த சுவராக நிற்கவேண்டியிருக்கிறது, வியர்த்தால் கழுத்துவரை கோடு இறங்குகிறது. நான் வாங்கியது பூசிய இடம் தெரியாமல் உள்ளே போய்விடுகிறது. மணம் கிடையாது. அவர்களும் பளபளப்பு, கண்ணாடி என்று ஆசை காட்டத்தான் செய்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்குச் சொல்லித்தருகிற சியோல்காரி ஒவ்வொரு வீடியோவிலும் பொறு, பொறு என்கிறாள். நம் ஊர் விளம்பரத்தில் யாரும் யாரையும் பொறுக்கச் சொல்லி நான் பார்த்ததில்லை.

கழுவியபின் தட்டிக்கொள்வதை நிறுத்திவிட்டேன். தீயாய் எரிகிறது. நான்கு உருப்படி போதும்.

மார்ச் 22, ஞாயிறு

ஸ்டாக் எடுக்க அவர் வந்து கைகொடுத்தார். இன்சுலின் எண்ணச் சொன்னேன். ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

“செண்பகம், இன்சுலினுக்குப் பக்கத்துல நத்தைப் படம் போட்டு ஒண்ணு இருக்கே, என்னது?”

“டிசைன்.”

“டிசைன்லாம் இல்ல. ஸ்நெயில்னு எழுதிருக்கான். எனக்கும் இங்கிலீஷ் தெரியும்.”

இனி மறைத்துப் பயனில்லை. “நத்தையக் கொல்ல மாட்டாங்க. ஊர்ந்து போக விட்டு, அது விட்டுட்டுப் போற சாறத்தான் எடுக்காங்க. நீங்க நாளும் கிழமையும் பட்டுவேட்டி கட்டுறீங்களே, அந்தப் புழு என்ன பொழச்சா கெடக்கு?”

சிதம்பரநாதன் பிள்ளை திரும்பவும் ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டார். பத்து இன்சுலினை இரண்டு தடவை எண்ணினார். கடைசியில், “வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மட்டும் கொண்டாந்துராத” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். மாஸ்க்கைக் கழற்றி வைத்திருந்தேன். “நத்தை ஒத்துக்கலையோ, செண்பகம்? செக்கச்செவேல்னு இருக்கே” என்றார். கேலியாகக் கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். பரிவாகக் கேட்டார்.

மார்ச் 30, திங்கள்

இன்று காலை கண்ணாடியில் என்னைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. கன்னம் இரண்டும் வீங்கி, தோல் உரிந்து, நாடியில் பொரிப்பொரியாய். சிரித்தால் வலிக்கிறது.

மதியம் கூட்டம் ஓய்ந்ததும் ரெபேக்கா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

“டியூப்ப நிறுத்தி ஒரு மாசம் இருக்குமாக்கா?”

“எந்த டியூப்பு?”

“நீங்க தெனமும் முகத்துல போடுற டியூப்பு. பதினாலு வருசமா கூட இருக்கேன், எனக்குத் தெரியாதா? இதக் கொரியாக்காரன் தலையில போடாதீங்க. பாவம், அவன் என்ன செஞ்சான்?”

சரி, எழுதிவிடுகிறேன். இந்த டைரியை வேறு யார் படிக்கப் போகிறார்கள்.

அந்த டியூப் படர்தாமரைக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தால் சில நாள் மட்டும் பூசுகிற மருந்து. அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. முகத்தில் பூசினால் ஒரே வாரத்தில் வெளுத்து மழமழவென்று ஆகும். வருஷக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துபோகும், நிறுத்தினால் பழிவாங்கும். நான் பதினொரு வருஷம் பூசினேன். “நீங்க போடுறதையே குடுங்க” என்று கேட்டவர்களுக்கு மூன்றாம் தட்டுக் க்ரீமைக் கொடுத்து அனுப்பினேன். நான் போட்டது மருந்துத் தட்டில் இருந்தது.

பிப்ரவரி கடைசியில் மொத்தக் கொள்முதலுக்கு என்று சொல்லித் திருநெல்வேலி போனேனே, அது தோல் டாக்டரைப் பார்க்க. கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு தெரிய ஆரம்பித்திருந்தது. அந்தப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள், கேட்டாள்: “நீங்களே பார்மசிஸ்ட். இது உங்களுக்குத் தெரியாதா?” தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். பிப்ரவரி 26 நிறுத்தினேன். முகம் தேற மூன்று மாதம், ஆறு மாதம்கூட ஆகலாம், மணமில்லாத க்ரீம், வெயிலுக்கு ஒன்று, வேறெதுவும் வேண்டாம் என்றாள். அவள் சொன்ன இரண்டையும் கொரியாவில் வாங்கினேன். நத்தையும் மற்றதும் என் சொந்தச் சேர்க்கை.

நத்தையையும் முகம் கழுவ வாங்கியதையும் இன்றோடு நிறுத்தினேன். மீதிப் பாட்டிலை ரெபேக்கா கேட்டாள். அவள் வீட்டில் நண்டே சமைக்கிறார்கள், நத்தை ஒரு பொருட்டா.

ஏப்ரல் 8, புதன்

கோமதி போன் செய்தாள். பால்காய்ப்புப் பத்திரிகை அடித்தாகிவிட்டதாம், என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாளாம்.

“மைனி, டியூப்பு தீரப்போவுது. விசேஷத்துக்குள்ள ரெண்டு குடுத்துவிட்டிருங்க. வெயில்ல அலைஞ்சு மூஞ்சி கறுத்துக் கெடக்கு.”

சொல்லத்தான் வாயெடுத்தேன். இப்போது நிறுத்தினால் பதினெட்டு நாளில் அவள் முகம் என் முகம் மாதிரி ஆகிவிடும். தன் வீட்டு விசேஷத்தில், மாமியார் ஜனங்களுக்கு முன்னால். பால்காய்ப்பு முடியட்டும், மறுநாளே சொல்லிவிடலாம். இது அவள் நல்லதுக்குத்தான்.

டீச்சரிடம் பை கொடுத்துவிட்டேன். கடலைமிட்டாய், மாத்திரை, டியூப் இரண்டு.

ஏப்ரல் 19, ஞாயிறு

வீக்கம் வடிந்துவிட்டது! உரிவதும் குறைந்திருக்கிறது. சிவப்பு மட்டும் அப்படியே. காலையும் மாலையும் வெள்ளை ஜாடி, பகலில் சன்ஸ்கிரீன், இரண்டே உருப்படி. இதைத் தாங்குகிறது என் தோல். நம் தட்டிலிருந்த மூன்று க்ரீமை முழங்கையில் பூசிப் பார்த்தேன், மூன்றும் கடித்தன. ஆகவே நான் தேர்ந்தெடுத்தது சரிதான்.

பட்டுப்புடவைக்கு ப்ளவுஸ் தைத்து வந்துவிட்டது.

ஏப்ரல் 26, ஞாயிறு

பால்காய்ப்பு நல்லபடியாக முடிந்தது. பால் கிழக்குப் பக்கம் பொங்கியது.

நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும்.

சன்ஸ்கிரீனுக்கு மேல் பவுடர்கூடப் போடாமல்தான் போனேன். ஓமப்புகைக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்ததில் முகம் திகுதிகுவென்று ஏறிவிட்டது. கோமதியின் நாத்தனார்கள் இரண்டு பேரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். “என்ன மதினி, மூஞ்சியெல்லாம் இப்படி வெந்து போச்சு? மெடிக்கல்காரங்களுக்கே மருந்து கெடைக்கலியா?” என்று சிரித்தார்கள்.

கோமதி பாயசக் கரண்டியோடு வந்து நின்றாள். “எங்க மைனி முகத்துக்கு என்ன? நாப்பது கிலோமீட்டர் வெயில்ல வந்தா யாருக்கும் செவக்கத்தான் செய்யும். மொதல்ல எலையில உக்காருங்க” என்று அவர்களை விரட்டினாள். பிறகு என் கையைப் பிடித்துப் புது அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

பீரோவைத் திறந்தாள். பெயின்ட் மணம்கூடப் போகாத பீரோ. சேலைக்கு அடியிலிருந்து டியூப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

“போன தடவ நீங்க அனுப்புனதுல இது பிரிக்காதது. போட்டுக்கிடுங்க மைனி. ஒரு மணி நேரத்துல அடங்கிரும். நான் வெளிய யாரையும் விடாமப் பாத்துக்கிடுதேன்.”

ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. பவுடருக்கு அடியில் இரண்டு கன்னத்திலும் நூல் நூலாகச் சிவப்பு. எனக்குப் பிப்ரவரியில் இருந்த அதே இடத்தில்.

பூசினால் அடங்கியிருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும். மூடியைத் திருகக்கூடச் செய்தேன். அப்புறம் முடியவில்லை.

“கோமதி, நான் இதை நிறுத்திட்டேன். இது முகத்துக்குப் போடுற மருந்தே இல்ல. நீயும் நிறுத்தணும்.”

எல்லாம் சொன்னேன். திருநெல்வேலி, டாக்டர், ஸ்டீராய்டு, இனி அவளுக்கு என்னென்ன ஆகும் என்பது வரை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“எப்ப நிறுத்துனீங்க?”

“பிப்ரவரி இருபத்தாறு.”

விரலை மடக்கினாள். “மார்ச்சுல ரெண்டு. இந்த மாசம் ரெண்டு. உங்களுக்கு வேண்டாம்னு வச்சுட்டு, எனக்கு நாலு டியூப்பு குடுத்துவிட்டிருக்கீங்க மைனி.”

என் கையிலிருந்த டியூப்பை வாங்கி, மூடியைச் சரியாக மூடி, குப்பைக் கூடையில் போட்டாள். பீரோவைச் சாத்திவிட்டுப் பந்தி பரிமாறப் போய்விட்டாள். நான் கிளம்பும்போது எல்லோருக்கும் கொடுத்த மாதிரி எனக்கும் தாம்பூலப் பை கொடுத்தாள். ‘மைனி, போயிட்டு வாங்க’ என்று மட்டும் சொல்லவில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

முகம் கழுவினேன். எழுத வேறொன்றுமில்லை.

மே 4, திங்கள்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. ஒரு வாரமாக ஒரே நினைப்பு. கோமதிக்கு மகன் பிறந்தபின் கன்னத்தில் மங்கு விழுந்தது. மாமியார் ஏதோ சொன்னாள் என்று என்னிடம் வந்து அழுதாள். அப்போதுதான் முதல் டியூப்பைக் கொடுத்தேன். என் கையால் லேபிள் வாசிக்காமல் கொடுத்த ஒரே பொருள் அது என்று எழுத நினைத்தேன். பொய். வாசித்துவிட்டுத்தான் கொடுத்தேன். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று சிவப்புக் கோட்டுக்குள் அச்சடித்திருக்கிறது, டி.பார்ம் முதல் வருஷப் பாடம். டாக்டரம்மாவிடம் தெரியாது என்றேனே, தெரியும். நான் செய்தது துரோகம்.

இன்று மாஸ்க்கைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். டியூப் பெட்டிகளைப் பூட்டுகிற அலமாரிக்கு மாற்றினேன். அட்டையில் பெரிதாக எழுதித் தொங்கவிட்டேன்: ‘படர்தாமரை டியூப் டாக்டர் சீட்டுக்கு மட்டும். முகத்துக்குப் பூசக் கிடையாது. பூசினால் என்ன ஆகும் என்று கடைக்காரரின் முகத்தைப் பார்க்கவும்.’

“கடைசி வரி வேணுமாக்கா?” என்றாள் ரெபேக்கா.

“அதுதான் வேணும்.”

சாயங்காலத்துக்குள் நான்கு பேர் எதிர்க்கடைக்குப் போனார்கள். இரண்டு பேர் நின்று கேட்டார்கள். கேட்ட இரண்டு பேருக்கும் திருநெல்வேலி டாக்டர் விலாசத்தை எழுதிக்கொடுத்தேன்.

மே 16, சனி

கோமதி போனை எடுக்கவில்லை. அண்ணன் கூப்பிட்டால் பேசுகிறாள், என்னைப் பற்றிக் கேட்பதில்லையாம். இவர், “அவ கோவம் எனக்குத் தெரியும், வரட்டும்” என்கிறார். வராவிட்டால்?

மார்ச் முதல் தினமும் காலையில் முகத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், சியோல்காரி சொன்னாளென்று. யாருக்கும் காட்டியதில்லை. இன்று எழுபத்தாறு படத்தையும் தேதி போட்டுக் கோமதிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். வீங்கியது, உரிந்தது, அழுதது, ஒன்றையும் விடவில்லை. கீழே, ‘உனக்கும் இப்படித்தான் ஆகும், அதற்குமேல் ஆகாது, கடைசிப் படத்தைப் பார்’ என்று எழுதினேன்.

நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

மே 25, திங்கள்

புதிதாக இரண்டு வெள்ளை ஜாடி வந்தது. தேதியைச் சரியாக வாசித்தேன். ஒன்று எனக்கு. இன்னொன்றைக் கல்லாப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 6, சனி

சிவப்பு அநேகமாக வடிந்துவிட்டது. நூல் நரம்புகள் போகவில்லை. போகாமலும் இருக்கலாம் என்றாள் டாக்டர். இருந்துவிட்டுப் போகட்டும், என் வயதுக்கு என் முகம். வெளுப்பு போய் என் நிறம் வந்திருக்கிறது. பதினொரு வருஷம் கழித்துப் பார்ப்பதால் எனக்கே கொஞ்சம் புதிதாக இருக்கிறது. பிடித்துத்தான் இருக்கிறது.

பதினொரு மணிக்குக் கடையில் நல்ல கூட்டம். மாத்திரை கிழித்துக்கொண்டிருந்தேன். முறைப்படி வரிசையில் நின்று கோமதி வந்தாள். முகத்தை மறைக்கவில்லை. கன்னம் வீங்கி, நாடி உரிந்து, மார்ச் 30-ஆம் தேதி என் படத்தில் இருந்த அதே முகம். பின்னால் நின்ற பெண்கள் ஒதுங்கிப் பார்த்தார்கள்.

“நாப்பத்தொரு நாளாச்சு” என்றாள்.

கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தேன்.

“டாக்டரப் பாத்துட்டேன். அண்ணன்ட்ட விலாசம் வாங்கிக்கிட்டேன்.” கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: “மைனி, நீங்க போடுறதையே குடுங்க.”

இருபது வருஷமாகக் கேட்ட வார்த்தை. இன்றைக்குத்தான் அழுகை வந்தது. அழுதேன், வாடிக்கையாளர் பார்க்க நின்றே அழுதேன். ரெபேக்கா ஸ்டூலைக் கவுண்டருக்கு உள்ளே இழுத்துப்போட்டுக் கோமதியை உட்காரவைத்தாள். கல்லாப் பக்கத்திலிருந்த ஜாடியை எடுத்து நீட்டினேன்.

கோமதி வாங்கவில்லை. “நத்தை கித்தை இருக்கா?”

“இல்ல.”

“இனிமே உங்க வாய் வார்த்தைய நம்ப முடியாது மைனி. இதுல என்னென்ன இருக்குன்னு வாசிங்க. ஒண்ணு விடாம.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். வரிசையில் நின்றவர்கள் நின்றார்கள். இருபத்தேழு பெயர், பொடி எழுத்து. ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்து, அது எதற்கு என்றும் சொன்னேன். கடைசிப் பெயர் முடிந்தபிறகுதான் கோமதி கையை நீட்டினாள்.